அப்பாவின் துப்பாக்கியை மாமாவுக்கு ஏன் கொடுக்கவில்லை

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை உனக்கு அனுப்பும்போதே நீ கவனிப்பாய் என்று எனக்குத் தெரியும். நம் அச்சகத்தில் ஊரார் பத்திரிகை எத்தனையோ அடித்திருக்கிறோம். தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை நான் பார்த்ததில்லை. "பாலு மாமா பேரு விட்டுப்போச்சும்மா, சேர்க்கச் சொல்லுங்க" என்றாய். விட்டுப்போகவில்லை. நான்தான் சொல்லி எடுக்கச் சொன்னேன். அதற்குக் காரணம் உன் அப்பாவின் துப்பாக்கி. அதை மதுரையில் லைசென்ஸ் உள்ள கடை மூலமாக விற்றாயிற்று என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து வாசி.

உனக்கு அந்தத் துப்பாக்கியைத் தெரியும். நாரணாபுரத்தில் உன் தாத்தாவுக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்த காலத்தில், காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல். கம்பெனியை விற்ற பிறகும் அப்பா அதைத் தன் பெயருக்கு மாற்றி வைத்துக்கொண்டார். ஒரு தடவையாவது சுட்டாரா என்று கேட்டால் எனக்குத் தெரிந்து இல்லை. தேர்தல் வரும்போதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார், முடிந்ததும் போய் எடுத்து வருவார். மாதம் ஒருமுறை பழைய காலண்டர் தாளை விரித்துப் போட்டு அதற்கு எண்ணெய் தடவுவார். அவர் போன பிறகு அதை உடனே ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும் என்று நம் மேனேஜர் சண்முகம் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. பீரோவைத் திறந்தால் அந்த எண்ணெய் வாசம் வரும். அதற்காகவே ஐந்து மாதம் அதைப் பீரோவில் வைத்திருந்தேன். இது என் முதல் தப்பு. பெரிய தப்பாக அப்போது தெரியவில்லை.

மார்கழி மாதம், காலண்டர் ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த வாரம், பாலு வந்தான். உன் மாமாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அம்மா சாகும்போது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பதிமூன்று. நான்தான் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ விமானம் பிடித்து வந்து சேரும்வரை, ராத்திரி பகலாக உடன் இருந்தவன் அவன். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி, மலையடிவாரத்தில் மாந்தோப்பு என்று நன்றாகவே இருந்தான். புரட்டாசியில் அவன் பெண்டாட்டி, உன் செல்வராணி அத்தை, தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆமத்தூரில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டிச் சண்டை, தை பிறந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். நான் ஆமத்தூர் பக்கம் போகவும் இல்லை, அவளுக்கு ஒரு போன் செய்யவும் இல்லை.

வந்தவன் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அக்கா, தோப்புல பன்னித் தொல்லை தாங்க முடியலக்கா. புதுசா வச்ச மாங்கன்னையெல்லாம் தோண்டிப் போட்டுருது. என் துப்பாக்கிய ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். அத்தானோடது சும்மாத்தான கெடக்கு. நான் எடுத்துக்கிடுதேன்."

"அதுக்கு எழுத்து வேலையெல்லாம் இருக்காமே, லே."

"எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே. அத்தான் உசுரோட இருக்கும்போதே எனக்குக் குடுத்துட்டாருன்னு ஒரு பேப்பர் போட்டுக்கிடுவோம். அப்ப உனக்கு அலைச்சலே இல்ல. இல்லன்னா இத்தன மாசம் ஏன் வச்சிருந்தன்னு உன்னத்தான் ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க."

நம் அச்சக லெட்டர்ஹெட்டில் ஏற்கெனவே டைப் செய்து கொண்டு வந்திருந்தான். தேதி அப்பா இறப்பதற்கு இரண்டு மாதம் முந்தியது. கையெழுத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. கடைசி வருஷம் அப்பாவுக்குக் கை நடுங்கியபோது, லோடு ரசீதுகளில் அவர் கையெழுத்தை நான் போட்டுப் பழகியிருந்தேன் என்பது பாலுவுக்குத் தெரியும். "நீ போடுறது அத்தான் போட்ட மாதிரியேதான இருக்கும்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கதிர், இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. செத்துப்போன உன் அப்பாவின் கையெழுத்தை நான் அந்தத் தாளில் போட்டேன். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலையில் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அது திங்கட்கிழமை.

மறுநாள் அச்சகத்தில் சண்முகத்திடம், துப்பாக்கி கவலை தீர்ந்தது, தம்பி எடுத்துக்கொள்கிறான் என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்தார். "அம்மா, தப்பா நெனைக்காதீக. ஒரு வார்த்தை வக்கீலம்மாவக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்றார். அவர் அப்படிக் குறுக்கே பேசுகிற ஆள் இல்லை. நம் வரி வழக்குகளைப் பார்த்த அந்த வக்கீலம்மாவிடம் அன்று சாயங்காலமே போனேன். சிவகாசிக் கோர்ட்டுக்குப் பின்னால் அவர் ஆபீஸ். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு முன்னால் இருந்த ஃபைலை மூடினார்.

"லைசென்ஸ் ஆளுக்குத்தாம்மா, வீட்டுக்கு இல்ல. சார் இறந்த அன்னைக்கே அது முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அது உங்க பீரோவுல இருக்கறதே தப்பு. நீங்க அத யாருக்கும் கையில தூக்கிக் குடுக்க முடியாது. விக்கிறதுன்னா முதல்ல ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள கடையிலயோ ஒப்படைக்கணும். வாங்குறவருக்கு அந்தத் துப்பாக்கிய வச்சுக்க அனுமதி இருக்கான்னு கலெக்டர் ஆபீஸ் பாக்கணும். அக்கா தம்பிங்கறதெல்லாம் அங்க செல்லாது. சரி, தம்பி லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டினாரா?"

காட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"துப்பாக்கி எந்தக் கடையில ரிப்பேர்ல இருக்குன்னு சொன்னாரா?"

அதையும் கேட்கவில்லை.

"அவர் மேல கேஸ் ஏதும் இருக்கா? வீட்டுல, குடும்பத்துல?"

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், கேஸெல்லாம் இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. வக்கீலம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேஸ் இல்லன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். "அப்போ தெரிஞ்சவங்களக் கேளுங்க. அதுவரைக்கும் பீரோச் சாவி உங்க இடுப்புல இருக்கட்டும்" என்றார். கையெழுத்து விஷயத்தை அன்று அவரிடம் நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை ஆமத்தூருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. நீ அப்போது புனேயில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பொங்கல் கழிந்த வாரம் செல்வராணி நம் வீட்டுக்குத் தனியாக வந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டேன். "மதினி, அவுக கோவம் வந்தா துப்பாக்கிய எடுத்து வெளிய வச்சிக்கிடுதாக. எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொன்னா கேப்பாக" என்றாள். நான் அவளுக்குச் சாப்பாடு போட்டேன். மணிக்கட்டுக்குத் தைலம் தடவிவிட்டேன். பிறகு சொன்னேன்: "அவன் சின்னதுல இருந்தே கோவக்காரன். மனசுல ஒண்ணும் கிடையாது. நீ எதிர்த்து வாயக் குடுக்காத." ஒரு பை நிறைய முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்து விருதுநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உன் அப்பா பக்கத்து அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அந்தப் பிள்ளையத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது" என்றார். என் பிறந்த வீட்டு விஷயத்தில் நீங்கள் தலையிட வேண்டாம் என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் அதற்கப்புறம் அதைப் பேசவில்லை. நானும் பாலுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால் அவன் கேட்டிருப்பான் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்கவே இல்லை.

செல்வராணி வாசலுக்கு வந்து "வாங்க மதினி" என்றாள். அதே குரல்தான். ஆனால் நிலைப்படியிலேயே நின்றாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "தனியாத்தான் வந்தீகளா?" என்று கேட்டாள். தனியாகத்தான் என்றதும் வழிவிட்டாள். தையல் மெஷினில் பாதி தைத்த ஜாக்கெட் கிடந்தது. மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து மறுபடி எழுத ஆரம்பித்தது. யாரும் அதற்குச் சொல்லவில்லை. செல்வராணி அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. வழக்கமாக நடப்பது போலிருந்தது.

நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் கேட்டாள்.

"மதினி, அண்ணாச்சி துப்பாக்கி இப்ப எங்கன இருக்கு?"

"வீட்டுலதான். பீரோவுல. ஏன் கேக்க?"

"அவுக வந்து கேட்டாகளா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் எழுந்து போய், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்து தாள்களை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். கோர்ட் உத்தரவு. கார்த்திகையில் போட்டது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தேன். பாலு அவளிடம் எந்த வகையிலும் வன்முறை செய்யக் கூடாது. அவள் இருக்கும் வீட்டுக்கோ, மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கோ, அவள் போகும் இடங்களுக்கோ வரக் கூடாது. போனிலோ ஆள் மூலமாகவோ பேசக் கூடாது. அவனிடம் உள்ள துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். உத்தரவு நடப்பில் இருக்கும்வரை வேறு எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி ரிப்பேரில் இல்லை. கோர்ட் சொல்லி, போலீஸ் வாங்கி வைத்திருக்கிறது.

"அவுக ஒரு நாளும் என்னப் பாத்து நீட்டுனதில்ல மதினி. கோர்ட்டுலயும் அப்படித்தான் சொன்னேன். சாப்பிடும்போது பக்கத்துல சாத்தி வச்சிக்கிடுவாக. எங்க போன, யாருகிட்ட பேசுனன்னு கேக்கும்போது மடியில வச்சுத் தொடச்சிக்கிட்டே கேப்பாக. நீட்டவே வேண்டாமே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அன்னைக்கு நான் உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது" என்றேன். அவள் தையல் மெஷினில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து மடித்தாள். "அன்னைக்கு பஸ்ஸுல ஏத்திவிட்டீகள்லா, வீட்டுக்குப் போனதும் அவுக பையத் தொறந்து பாத்துட்டு, எங்க அக்காகிட்டப் போயி என்ன சொன்னன்னு கேட்டாக. ரெண்டு நாள் கேட்டாக" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளைப் பற்றி இப்போதும் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து நேராக வக்கீலம்மாவிடம் போய், கையெழுத்து உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நல்லவேளை, துப்பாக்கி இன்னும் கை மாறல. அந்தப் பேப்பர் மட்டும்தான் வெளிய இருக்கு. அது உங்க கையெழுத்துன்னு நீங்களே முந்திப் போய் எழுதிக் குடுத்துட்டா அது செல்லாத பேப்பர் ஆயிடும். ஆனா உங்க மேலயும் விசாரணை வரும். சம்மதமா?" என்றார். துப்பாக்கியை நானே தூக்கிக்கொண்டு போகக் கூடாதாம். எனக்கு லைசென்ஸ் இல்லாததால் தெருவில் கொண்டுபோவதும் குற்றம்தானாம். அவர் ஸ்டேஷனில் பேசினார்.

வியாழக்கிழமை காலை ஏட்டு ஒருவரும் ஒரு பெண் போலீசும் ஜீப்பில் வந்தார்கள். திருத்தங்கலில் நம் தெருவை உனக்குத் தெரியும். எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடி என்று எல்லாரும் நின்றார்கள். அப்பா போய் ஐந்து மாதத்தில் இந்த வீட்டு வாசலில் போலீஸ் ஜீப். பீரோவைத் திறந்து கொடுத்தேன். குழலையும் கட்டையையும் தனித்தனியாகப் பிரித்து, தோட்டாக்களை எண்ணி, அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். இத்தனை மாதம் ஏன் ஒப்படைக்கவில்லை என்று ஏட்டு கேட்டார். எண்ணெய் வாசத்தைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போய், உன் அப்பா பெயரில் நான் போட்ட கையெழுத்தைப் பற்றி என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். "தம்பிக்கு எதிரா எழுதுறீங்கன்னு தெரியுதுல்லம்மா?" என்றார். எனக்கு எதிராகவும்தான் எழுதுகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பாலு வந்தான். காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

"சாமான எடுத்து வச்சிட்டியாக்கா?"

"ஸ்டேஷன்ல குடுத்துட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தான். "யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரக் கேக்கணும்? முந்தாநாள் ஆமத்தூர் போயிட்டு வந்தேன்."

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். கோபம் வரும்போது முதலில் காது சிவக்கும். "அவ என்ன சொன்னா?" என்றான்.

"அவ ஒண்ணும் சொல்லல. பேப்பரத்தான் காட்டினா. நானே வாசிச்சேன்."

"பன்னிக்குத்தான்க்கா கேட்டேன். சத்தியமா பன்னிக்குத்தான்."

"அப்ப உன் துப்பாக்கி ரிப்பேர்ல இருக்குன்னு ஏம்லே சொன்ன?"

அவன் திரும்பி, சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "உன்னை நான் அக்கான்னு நெனச்சதே இல்ல. அம்மான்னுதான் நெனச்சேன்" என்றான். அந்த வார்த்தை என்னை எங்கே தொடும் என்று அவனுக்குத் தெரியும். தொட்டது. ஆனாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அந்தப் பேப்பருல இருக்கது என் கையெழுத்துன்னு எழுதிக் குடுத்துட்டேன். இனி அது எங்கயும் செல்லாது." அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "உன்னையும் சேத்து மாட்டிக்கிட்டியேக்கா" என்றான். அப்போது அவன் குரலில் கோபம் இல்லை. என்னைப் பற்றிக் கவலைப்பட்டான் என்றே நினைக்கிறேன். அவனிடம் அதுவும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. பிறகு எழுந்து, காபியைக் குடிக்காமல் போய்விட்டான்.

விசாரணைக்கு நான் மூன்று தடவை போனேன். தாள் எங்கும் பயன்படாததாலும், நானாக வந்து சொன்னதாலும், எச்சரித்து விட்டார்கள். துப்பாக்கியை அப்புறம் ஸ்டேஷனிலிருந்து முறைப்படி அந்த மதுரைக் கடைக்கு அனுப்பி விற்றார்கள். பிறகு செல்வராணியின் வக்கீல், நடந்ததைக் கோர்ட்டில் சொல்ல முடியுமா என்று கேட்டார். அங்கேதான் நான் ஒரு வாரம் தூங்கவில்லை. துப்பாக்கியைக் கொடுக்காமல் இருந்தது ஒன்று. கூண்டில் நின்று, என் தம்பி என்னிடம் பொய் சொல்லித் துப்பாக்கி கேட்டான் என்று சொல்வது வேறு. போனேன். சொன்னேன். பாலு எதிரே நின்றுகொண்டிருந்தான். தலை நிமிரவே இல்லை. உத்தரவு நீடித்தது, அவன் லைசென்ஸும் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசவில்லை. தைப் பொங்கலுக்கு எங்கள் அப்பா காலத்திலிருந்து வரும் பிறந்த வீட்டுச் சீர் இந்த வருஷம் வரவில்லை. சொந்தத்தில் பலர் நான் செய்ததைத் தப்பு என்கிறார்கள். கூடப்பிறந்தவனைக் கோர்ட்டில் காட்டிக்கொடுத்தவள் என்று ஒரு சித்தி என் காதுபடவே சொன்னாள்.

அவன் அந்தத் துப்பாக்கியை வைத்து என்ன செய்திருப்பான் என்று நீ கேட்கலாம். தெரியாது. ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம். நிஜமாகவே பன்றியை மிரட்டுவதோடு முடிந்திருக்கலாம். நான் வளர்த்த பிள்ளை கொலை செய்வான் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. ஆனால் தெரியாத ஒன்றின் மேல் நான் பந்தயம் வைக்க முடியாது. பந்தயத்தில் வைக்கப்படுவது என் உயிர் இல்லை, அவள் உயிர். உனக்கும் எனக்கும் இதில் ஒரு பாடம் உண்டென்றால், சொந்தக்காரன் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் விட்டுவிடாதே என்பதுதான். நான் கேட்டிருக்க வேண்டியது மூன்று சின்னக் கேள்விகள். புத்தகம் எங்கே, எந்தக் கடையில் ரிப்பேர், கேஸ் ஏதும் உண்டா. மூன்றையும் கடையில் கத்தரிக்காய் வாங்கும்போது கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் மனம் நோகும் என்று விட்டேன்.

பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். பாலுவையும் செல்வராணியையும் ஒரே மண்டபத்துக்கு அழைக்கலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். "கூடாதும்மா. அவங்க இருக்கற இடத்துக்கு அவர் வந்தா உத்தரவை மீறின மாதிரி. அக்கா கூப்பிட்டாங்க, அதான் வந்தேன்னு அவர் சொல்வார். அந்த வாய்ப்பை நீங்களே ஏன் குடுக்கணும்?" என்றார். ஆக இரண்டு பேரில் ஒருவர்தான். தாய்மாமனா, தாய்மாமனை விட்டுவிட்டுப் போன பெண்ணா என்று ஊர் கேட்டால் பதில் எளிது. எனக்கு எளிதாக இல்லை. செல்வராணியை அழைத்திருக்கிறேன். வர மாட்டேன் என்றாள், வற்புறுத்தினேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் நிவேதாவின் கல்யாண ஜாக்கெட்டை அவள்தான் தைக்கிறாள். நீ அவளை அத்தை என்று கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வை. எதுவும் விசாரிக்காதே.

பாலு உன் மாமா இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் நீ விருதுநகர் போய் அவனைப் பார்த்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள். நிவேதாவைக் கூட்டிப் போவதும் போகாததும் அவள் விருப்பம். அவன் உன்னைப் பார்த்தால் சந்தோஷப்படுவான், ஒருவேளை அழவும் செய்வான். நீயும் அழு, பரவாயில்லை. ஆனால் அத்தை மண்டபத்துக்கு எந்த வண்டியில் வந்தாள், இப்போது எங்கே தைக்கிறாள், பாப்பா எந்த வகுப்பு என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டான் என்றால், எனக்குத் தெரியாது மாமா என்று சொல். கல்யாணப் போட்டோவைக் காட்டாதே. அவனை வெறுத்து நான் இதைச் சொல்லவில்லை. எனக்காக நீ செய்யும் ஒரு காரியமாக நினைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று. இதை உன் அம்மா உனக்குச் சொல்வதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன வாரம் நிவேதா புடவை எடுக்க வந்தபோது அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். "என் பையன் நல்லவன்தான், நான்தான் வளர்த்தேன். ஆனா என் தம்பியையும் நான்தான் வளர்த்தேன். நாளைக்கு நீ பயந்துபோயி என் வாசல்ல வந்து நின்னா, அவன் என்ன சொல்றான்னு முதல்ல அவன்கிட்ட கேக்க மாட்டேன். உன்னை உள்ள கூப்பிட்டுக் கதவச் சாத்துவேன். உன்னை பஸ் ஏத்தி அனுப்ப மாட்டேன்" என்றேன். நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் சொன்னது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இதில் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று நீயே யோசித்துக்கொள். நீ யோசிப்பாய் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு, ஆனாலும் அவளிடம் சொன்னதை நான் திரும்பப் பெற மாட்டேன்.

உன் அம்மா